எருமைக்கு விபூதி பூசிய ஆயுத பூஜை

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆயுத பூஜை அன்று காலையில் நடந்தது இது. ஆம்பூரை ஒட்டிய ஊர் எங்களுடையது. பைபாஸிலிருந்து உள்ளே வந்தால் ஒரு முட்டுச் சந்து. அதில் கடைசி வீட்டுக்கு முந்தின வீடு எங்கள் வீடு. முன்னறையில்தான் தொழில். ஷூவின் மேல்பாகத்துக்கு வேண்டிய தோலை வெட்டி கம்பெனியிலிருந்து அனுப்புவார்கள். நாங்கள் ஓரத்தில் சொல்யூஷன் பசை தடவி, மடித்து, சுத்தியால் தட்டிப் படியவைத்து, தைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆறேழு பேர் என்னோடு உட்கார்ந்து வேலை செய்கிறார்கள்.

மடிப்பைத் தட்டுவதற்கு அடியில் நல்ல கனமான இரும்பு வேண்டும். சும்மா தரையில் வைத்துத் தட்டினால் மடிப்பு எழும்பிக்கொள்ளும், கம்பெனி சூப்பர்வைசர் பீஸைத் தூக்கி முகத்தில் எறிவார். அந்த இரும்பைக் கொண்டுவந்தது என் வீட்டுக்காரர். லோடு வேன் ஓட்டுகிறார். மலிவாகக் கிடைத்தால் யானையையே வாங்கிக் கட்டிவிட்டு, தீனிக்கு அப்புறம் யோசிக்கிற ஆள். ராணிப்பேட்டைப் பக்கம் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பழைய இரும்புக் கடை ஒன்றில் அதைப் பார்த்திருக்கிறார். கப்பலில் வந்த இரும்போடு சேர்ந்து வந்ததாம். துரு ஏறி, மண் அப்பி, உருளையாக ஒரு கட்டை. ஏதோ பெரிய மோட்டாரின் உள்சாமான் என்று கடைக்காரர் சொன்னாராம், இவரும் தலையாட்டிவிட்டு வாங்கி வந்துவிட்டார்.

செங்கல் மேடை கட்டி, அதைப் படுக்கவைத்து, சுற்றிலும் சிமெண்ட் பூசிப் பதித்துவிட்டார். முதுகு மட்டும்தான் வெளியே தெரியும். தட்டித் தட்டித் துரு போய், கறுகறுவென்று பளபளத்துவிட்டது. ஏரித் தண்ணீரில் எருமை படுத்திருப்பது போல இருக்கிறதே என்று யாரோ சொல்லப்போய், அதற்கு எருமை என்றே பெயர் நிலைத்துவிட்டது. "எருமை மேல வெச்சி நல்லா நாலு போடு போடு" என்று புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். அப்படி வருடக்கணக்கில் போட்டோம். பகல் முழுக்க, ஒருத்தி மாற்றி ஒருத்தி.

இதில் ஒரே தொல்லை, எருமை இருந்தது பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான சுவரின் ஓரம். சந்தின் கடைசி வீடு அது. அங்கே ஒரு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் மட்டும்தான். மகள் கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கிறாள். அந்த மாமா வாழ்நாள் முழுக்கத் தோல் தொழிற்சாலையில் ஈரத் தோல் தூக்கியவர். வேலையை விட்ட பிறகு வீட்டு வாசலிலேயே வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. ஆபரேஷன் செய்தும் சரியாகக் கூடவில்லை. கட்டிலோடு கிடந்தார். அந்தக் கட்டில் அந்தப் பொதுச் சுவரை ஒட்டித்தான் இருந்தது.

அக்கா வந்து வாசலில் நிற்கும்போதே எனக்கு நெற்றி சுருங்கும். "ஏம்மா, நீங்க தட்ற தட்டுல எங்க வூட்டு செவுரே வுழுந்துடும்போல இருக்குது. படுத்திருக்கற மனுசன் தூங்க வேணாமா?" என்பார். நானும் விடமாட்டேன். "பகல்ல தானேக்கா தட்றோம்? தட்டாம இன்னா பண்றது, சோறு அதுலதானே இருக்குது" என்பேன். இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவோம். மூன்றாம் நாள் கறிவேப்பிலைக்கோ உறைமோருக்கோ ஒருத்தர் வாசலில் ஒருத்தர் நிற்போம். சண்டையும் நடக்கும், சாமானும் கைமாறும்.

அந்த வருடம் அக்கா ஒரு நாள் சத்தம் போடாமல் வந்து, "அவருக்கு வலி ஜாஸ்தியா இருக்குதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எருமையை எடுத்து எதிர்ச் சுவருக்கு மாற்றிவிடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்தோம். ஆயுத பூஜைக்கு எப்படியும் வேலையை நிறுத்திவிட்டுக் கழுவ வேண்டும், அதோடு சேர்த்து இதையும் முடித்துவிடலாம் என்று கணக்கு. பூஜைக்கு முதல் நாள் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டோம். அவர் உளியை வைத்துச் சிமெண்டை உடைத்தார். உடைத்தார் என்றால், மடார் மடாரென்று.

வெளியே எடுத்த பிறகுதான் அதன் முழு உருவத்தைப் பார்த்தோம். ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் கூம்பிக்கொண்டே போய் மொண்ணையாக முடிந்தது. அடிப்பக்கம் செம்பு நிறத்தில் ஒரு வளையம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. யாருக்கும் தோன்றவில்லை. குண்டு என்றால் நாங்கள் சினிமாவில் பார்த்தது, திரியும் கடிகாரமுமாக இருக்கும். இது எங்களுக்கு எருமை. நமக்குச் சோறு போட்டதுக்கு இந்த வருடம் நல்ல மரியாதை செய்ய வேண்டும் என்றுதான் தோன்றியது.

புளி போட்டுத் தேய்த்துக் கழுவினோம். அறையைக் கழுவிவிட்டதால், நாங்கள் உட்கார விரித்திருக்கும் பெரிய தோலைத் தூக்கி வெளியே மதில்மேல் காயப்போட்டோம். அது கம்பெனி கழித்துக் கொடுத்த எருமைத் தோல், முழுத் தோல். மறுநாள் காலையில் மிஷின்கள், கத்தரிக்கோல், சுத்தியல், சொல்யூஷன் டப்பா எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். எருமையைப் பலகைமேல் நிமிர்த்தி நிறுத்தினார் என் வீட்டுக்காரர். நிறுத்தியதும், "லிங்கம் மாதிரியே இல்ல?" என்றார். சொன்னதோடு நிற்காமல் பட்டையாக மூன்று கோடு விபூதி பூசி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார். செவ்வந்தி மாலை வேறு. பொரி, கடலை, பழம் எல்லாம் முன்னால். தட்டில் கற்பூரம் ஏற்றினோம். எங்களோடு வேலை செய்கிற கிறிஸ்தவப் பெண் ஒருத்தி, பொரிக்காக மட்டும் ஒவ்வொரு வருடமும் சரியாக வந்துவிடுவாள். அவளும் நின்றாள்.

எங்களில் இன்னொருத்தியின் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருக்கிறார். அதனால் அவளை மிலிட்டரி என்றே கூப்பிடுவோம். அவளுக்கு எதைக் கண்டாலும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்க வேண்டும். எருமையையும் மாலையோடு எடுத்து வைத்தாள். கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போதே அவளுடைய போன் அடித்தது. வடக்கே எல்லைப் பக்கம் இருக்கிற மனிதர், வழக்கமாக ராத்திரிதான் பேசுவார். அவள் வெட்கத்தோடு எடுத்தாள். எடுத்த இரண்டாவது நிமிடத்தில் முகம் வெளுத்து, போனை என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, நான் சொல்றத மட்டும் கேளுங்க. ஸ்டேட்டஸ்ல அந்த இரும்ப பாத்தேன். அது பீரங்கி குண்டு. கற்பூரத் தட்டு அத ஒட்டியா இருக்குது?"

ஒரு முழம் தள்ளி இருக்கிறது என்றேன்.

"அப்ப தட்டை விட்டுடுங்க. யாரும் கிட்ட போவாதீங்க, எதையும் நகத்தாதீங்க. எல்லாரும் செருப்பு கூட தேடாம வெளிய போங்க. சந்து முழுக்க காலி பண்ணுங்க. போலீசுக்கு போன் போடுங்க."

என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் சிரிப்பார் என்று எனக்குத் தெரியும். போனில் கேட்கும்படியே, "இத்தினி வருசம் அடிக்காத அடியா? வெடிக்கறதா இருந்தா எப்பவோ வெடிச்சிருக்காதா?" என்றார்.

அந்தப் பக்கத்திலிருந்து கோபமே இல்லாமல் பதில் வந்தது. "அண்ணே, வெடிக்காததுன்னு ஒண்ணு கிடையாது. இன்னும் வெடிக்காததுன்னு தான் உண்டு. என் பொண்டாட்டி அங்க நிக்கறா. தயவுசெஞ்சி வெளிய போங்கண்ணே."

அந்தத் தயவுசெஞ்சிதான் எங்களை வெளியே தள்ளியது. அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு மனிதர், ஓடிவர முடியாமல், கையால் பிடித்து இழுக்க முடியாமல், வாயால் மட்டும் எங்களைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று புரிந்தது. வெளியே வந்து வீடு வீடாகக் கதவைத் தட்டினோம். சந்தே அலறிக்கொண்டு மெயின் தெருவுக்கு ஓடியது. பூஜைக்கு உடைக்க வைத்திருந்த பூசணிக்காயைக் கட்டிக்கொண்டு ஒரு அம்மா ஓடினார், ஏன் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. போலீஸ் ஜீப்பும் வந்துவிட்டது. கயிறு கட்டி எங்களைத் தள்ளி நிறுத்தினார்கள்.

அப்போதுதான் தலைகளைப் பார்த்தேன். அக்கா இல்லை. மாமா எப்படி இருப்பார், அவர்தான் நடக்கமாட்டாரே!

சந்தின் கடைசி வீடு. அங்கிருந்து வெளியே வர எங்கள் வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும், வேறு வழியே கிடையாது. அந்த எருமைக்கும் மாமாவின் கட்டிலுக்கும் நடுவில் எங்கள் முன்னறையும் ஒற்றைச் செங்கல் சுவரும்தான். அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்தார். அழவில்லை, திட்டவில்லை. "நீங்கள்லாம் பத்திரமா இருங்கம்மா. அவர வுட்டுட்டு நான் எங்க வர்றது? கட்டில் வாசப்படில நுழையாது. தூக்கினா அவரு வலி தாங்கமாட்டாரு. நடக்கறது நடக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இதற்கு முன்னும் நான் பயந்திருக்கிறேன். ஆனால் அந்த நிமிடம் வந்தது பயம் இல்லை, வெட்கம். என் வீட்டுச் சாமான், என் வீட்டு மாலை, என் வீட்டு விபூதி. அவர்கள் வெளியே வருகிற வழியை மறித்து நின்றுவிட்டது. வெடிகுண்டு எடுக்கிறவர்கள் வேலூரிலிருந்து வரவேண்டும், ஆம்புலன்ஸ் சந்துக்குள் நுழையாது என்று போலீஸ்காரர்கள் பேசிக்கொண்டார்கள். மதில்மேல் காய்ந்துகொண்டிருந்த தோல் கண்ணில் பட்டது.

கட்டில் வாசலில் நுழையாது. தோல் நுழையும்.

அதை இழுத்துக்கொண்டு நடந்தேன். ஒரு இளவயது கான்ஸ்டபிள் கையை நீட்டி மறித்தார். "யம்மா, போவாதம்மா, சொன்னா கேளு" என்றார். உள்ளே படுத்த படுக்கையாக ஒருத்தர் இருக்கிறார் என்றேன். அவர் ஒரு தடவை சந்துக்குள் பார்த்தார், ஒரு தடவை தன் மேலதிகாரியைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி ஜீப்பில் வைத்துவிட்டு, தோலின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் எப்போது பின்னால் வந்தார் என்று தெரியாது. சிரித்த மனிதர் இப்போது தோலின் இன்னொரு முனையைப் பிடித்திருந்தார். கிறிஸ்தவப் பெண்ணும் வந்தாள். மிலிட்டரியை மட்டும் நான் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவள் வீட்டுக்காரர் இன்னும் லைனில் இருந்தார்.

மாமாவைப் படுத்த நிலையிலேயே மெல்லப் புரட்டி, அடியில் தோலை விரித்து நடுவில் கொண்டுவந்தோம். அக்கா வேண்டாம் வேண்டாம் என்று எங்கள் கைகளைத் தட்டிவிட்டார். "நீ கம்முனு இரு" என்று மாமாதான் அதட்டினார். தோலைச் சும்மா பிடித்தால் கையை விட்டு நழுவும், ஓரத்தை உள்பக்கம் சுருட்டிப் பிடித்தால் விடாது. எங்கள் கைகளுக்குப் பழகிய வேலை அது. சுருட்டிக் கொடுத்தேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். கெட்டியான எருமைத் தோல், தொட்டில் மாதிரி அவரை வாங்கிக்கொண்டது.

எங்கள் வாசலைத் தாண்டியபோது நான் பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். பார்த்துவிட்டேன். கதவு விரியத் திறந்து கிடந்தது. கற்பூரம் அணைந்திருந்தது. பொரி சிதறிக்கிடந்தது. நடுவில் அது, மாலையும் பட்டை விபூதியுமாக, எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. வேகமாக நடந்தால் மாமாவுக்கு வலிக்கும் என்று அடிமேல் அடி வைத்து நடந்தோம். அக்கா ஒரு கையால் அவர் தலையைத் தாங்கிக்கொண்டே வந்தார். அக்கா எங்கள் வாசலைப் பார்க்கவே இல்லை.

மாமா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார், வலி. அப்படியும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஆயுசு பூரா தோல நான் தூக்கினேன். இன்னிக்கு தோலு என்ன தூக்குது பாரு" என்றார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. மெயின் தெருவில் ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு, அந்த கான்ஸ்டபிள் சுவரோரம் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை.

மத்தியானத்துக்கு மேல் வேலூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒருத்தர் மெத்தை போன்ற கனமான உடுப்பைப் போட்டுக்கொண்டு தன்னந்தனியாகச் சந்துக்குள் நடந்து போனார். அத்தனை பேரும் வெளியே ஓடிவந்த வழியில் ஒருத்தர் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெகு நேரம் கழித்து, மணல் நிரப்பிய பெட்டியில் அதை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களின் அதிகாரி எங்களிடம் வந்து கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு விபூதி பூசினது யாரு?" என் வீட்டுக்காரர் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார்.

இரும்பு எங்கே வாங்கியது, யாரிடம் வாங்கியது என்று அவரை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி விசாரித்தார்கள். அனுமதியெல்லாம் வாங்கிச் சில நாள் கழித்து, பாலாற்றில் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் பள்ளம் தோண்டி அதை வெடிக்கவைத்தார்கள். தண்ணீர் வராத ஆறு என்று நாங்கள் தினமும் திட்டுகிற ஆறு, அன்றைக்கு அந்த மணலால்தான் உதவியது. தூரத்தில் கரைமேல் நின்றிருந்தோம். முதலில் காலுக்கடியில் ஒரு அதிர்வு, பிறகுதான் சத்தம். மணல் பனைமர உயரத்துக்கு எழும்பி, அவசரமே இல்லாமல் விழுந்தது.

"உள்ள மருந்து இருந்துச்சா சார்?" என்று அந்த அதிகாரியைக் கேட்டேன். இல்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்று ஆசையாக இருந்தது.

"இருந்துச்சும்மா. எந்த நாட்டு சண்டைன்னு சொல்ல முடியாது. சண்டை போட்டவங்க எல்லாம் வீட்டுக்கு போய்ட்டாங்க. இது மட்டும் போகல" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்தச் சிமெண்ட் மேடையின் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ யாரையோ கொல்ல அனுப்பியது. சாக வேண்டிய அந்த யாரோ தப்பித்துக்கொண்டார், எங்கேயோ பேரன் பேத்தி எடுத்திருக்கலாம். அவர் பங்கு கப்பலேறி என் வீட்டுக்கு வந்து, என் வீட்டுப் பெண்களின் கைக்கடியில் படுத்திருந்திருக்கிறது. நாங்களும் தட்டித் தட்டி அதை எழுப்பிப் பார்த்திருக்கிறோம்.

எதிர்ச் சுவரோரம் புதிதாக ஒரு கருங்கல் வாங்கிப் போட்டோம். கல் வந்துவிட்டது, கை வரவில்லை. சுத்தியலைத் தூக்குவோம், பூவை வைப்பது போல இறக்குவோம். மடிப்பு எழும்பிக்கொண்டது, பீஸ்கள் திரும்பி வந்தன. மிலிட்டரி சுத்தியலையே தொடமாட்டேன் என்றுவிட்டாள். இப்படியே போனால் கம்பெனி வேலையை நிறுத்திவிடும் என்று தெரிந்தும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இருக்கும். அக்கா வாசலில் வந்து நின்றார். என்னென்ன கேட்கப்போகிறாரோ என்று எழுந்து நின்றேன். எதைக் கேட்டாலும் தலைகுனிந்து கேட்டுக்கொள்வது என்று முன்பே நினைத்துவைத்திருந்தேன்.

"ஏம்மா, ஏன் தட்டறதில்ல?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "காலைல தட்டு ஆரம்பிச்சா மணி ஒன்பது, நின்னா சாப்பாட்டு நேரம், மறுபடியும் நின்னா வெளக்கு வெக்கற நேரம். படுத்துக்கினு இருக்கற மனுசனுக்கு அதான் கடியாரமாம். இப்ப சத்தமே இல்லாம, செத்தவங்க வூடு மாதிரி கீதுன்னு என்ன பேஜார் பண்றாரு. மெதுவா இல்ல, நல்லாவே தட்டுவீங்களாம்." சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஆனா அந்த எதிர் செவுத்துலயே தட்டுங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

கருங்கல்லின் முன்னால் உட்கார்ந்தேன். மடித்த தோலை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, நான்கு வருடமாய் எப்படிப் போட்டேனோ அப்படி ஓங்கி ஒரு போடு போட்டேன். ஒன்றும் ஆகவில்லை, மடிப்பு படிந்தது, அவ்வளவுதான். பொதுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மாமா தன் பழைய கைத்தடியால் பதிலுக்கு ஒரு தட்டு தட்டினார்.

இன்றும் காலையில் முதல் தட்டு நான்தான் தட்டுவேன், அந்தப் பக்கத்துப் பதில் வந்த பிறகுதான் மற்றவர்கள் ஆரம்பிப்பார்கள். எங்கோ ஒரு நாட்டில் போர் முடிந்துவிட்டது என்று செய்தியில் சொன்னால், எல்லாரையும் போல நானும் அப்பாடா என்கிறேன். ஆனால் மறுநாள் முதல் தட்டைத் தட்டிவிட்டு இரண்டாவதற்குச் சுத்தியலைத் தூக்கும்போது, அங்கே வெடிக்காமல் மிச்சமாகிப்போனதெல்லாம் இனி எந்த ஊரில், எந்த வீட்டுச் சுவரோரம், யார் கைக்கடியில் போய்ப் படுக்கப்போகிறதோ என்று, மாமாவின் பதில் தட்டு கேட்கிறவரைக்கும் என் கை ஓங்கிய இடத்திலேயே நின்றுவிடுகிறது.